பாடுகிறவன் எங்கே நிற்கிறான்?

எங்கள் பகுதியில் பாட்டுக் கேட்கிற செட் திருத்துகிறவர்கள், கல்யாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் கடையை விட்டு ஓய்ந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதைக்காக வைத்திருக்கிறார்களா, மறந்துவிட்டார்களா என்பது தெரியாது. சென்ற மாதம் அதில் ஒருவர் ஒரு வீடியோ போட்டார். புதிதாக வந்த ஸ்பீக்கர் ஒன்று. கைப்பேசியை அறையில் நாலு இடத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், அதுவே அறையை அளந்து தன் ஒலியைத் திருத்திக்கொள்கிறது. கீழே, மூத்தவரைக் காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் வழக்கப்படி, என்னிடம் ஒரு கேள்வி: “இஸ்மாயில் காக்கா, இனி நம்மட காதுக்கு வேலை இல்லியா?”

பதிலைப் பேசி அனுப்பலாம் என்று தொடங்கினேன். பதினொரு நிமிடம் தாண்டியபோது என் மனைவி ஜெஸீமா அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். “இத ஒருத்தனும் முழுசாக் கேக்க மாட்டான். எழுதிப் போடுங்க” என்றாள். அவள் பேச்சைக் கேட்டு நான் கெட்டதில்லை. கேட்காமல் கெட்ட கதையும் இதில் வருகிறது.

நான் தொழில் பழகியது மட்டக்களப்பு நகரில், லெஸ்லி மாஸ்டரிடம். பறங்கிக் குடும்பம், போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள், பரம்பரைத் தச்சர்கள். கூடப் பிறந்தவர்கள் அலுமாரியும் கட்டிலும் செய்தபோது இவர் மட்டும் ஸ்பீக்கர்ப் பெட்டி செய்யப் போனார். நான் அவரிடம் சேர்ந்ததும் சீவுளி பிடிக்கத்தான். ஓட்டமாவடியில் மரவேலை பழகிய இருபத்திரண்டு வயதுக்காரன். மின்சாரம் என்றால் கையைத் தூர வைக்க வேண்டியது என்பதைத் தவிர எதுவும் தெரியாது. மூன்று வருடத்தில் ஈயம் பற்றவைக்கவும், அறுந்த சுருளைச் சுற்றவும், கிழிந்த ஸ்பீக்கர்க் கூம்புக்குக் கடதாசி ஒட்டவும் பழகினேன். அந்த மூன்று வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஏச்சு வாங்கினேன், பழகினேன்.

மாஸ்டரின் முறையைப் பற்றித்தான் எழுத வேண்டும். யாராவது செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து “பழுது” என்றால் அவர் அதைத் திறக்கவே மாட்டார். கொண்டுவந்த ஆளை ஒரு கதிரையில் உட்காரவைப்பார். இரண்டு ஸ்பீக்கரையும் அவருக்கு முன்னால் வைப்பார். ஆளுக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரமோ அதே தூரம் பெட்டிக்கும் பெட்டிக்கும் இருக்க வேண்டும். அதைக் கண்மட்டத்துக்கு விடமாட்டார், நூல் பிடித்து அளப்பார். கீச்சென்ற மெல்லிய ஒலியைத் தருகிற சின்ன ஸ்பீக்கர் ஆளின் காது உயரத்தில் வரும்படி பெட்டியின் கீழே பலகைத் துண்டுகளை அடுக்குவார். பிறகு ஒரு கசட்டைப் போடுவார். அதில் பாட்டு எதுவும் இல்லை. அவருடைய தம்பி பத்திரிகையை வாசிக்கிற குரல் மட்டும்.

“கண்ணப் பொத்துங்க. பேசுறவன் எங்க நிக்கான்? விரலால காட்டுங்க.”

ஒற்றைக் குரல் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவில் வருகிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஆள் விரலை நேரே நடுவில் நீட்டுவார். அங்கே வெறும் சுவர்தான் இருக்கும். ஆனாலும் குரல் அங்கேதான் நிற்கும். முதல் தடவை எனக்கு இதைக் காட்டியபோது நான் எழுந்து போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது பெட்டி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறாரா என்று தேடினேன். மாஸ்டர் சிரிக்கவில்லை, கதிரைக்குத் திரும்பிப் போகச் சொன்னார்.

ஸ்டீரியோவின் அடிப்படை முழுவதும் அந்த விரலில் இருக்கிறது. விரல் ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றப் பக்கத்துக்குப் பலம் குறைவு. ஆள் கையை அங்கும் இங்கும் ஆட்டி, “எல்லாப் பக்கமும் கேக்குது, ஆனா ஒரு இடமும் இல்ல” என்று முழித்தால் ஒரு பெட்டியின் வயர் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். ஒன்று கொடுப்பதை மற்றது பறித்துவிடும். கனத்த அடித்தொனி காணாமல் போய்விடும். அப்போது மாஸ்டர் ஒரு டோர்ச் பெட்டரியை எடுத்து வயர் முனைகளில் ஒரு தொடு தொடுவார். கூம்பு முன்னால் எழும்பினால் பெட்டரியின் பொட்டுப் பக்கம் தொட்ட முனைதான் பிளஸ். அதற்குச் சிவப்புப் புள்ளி வைப்பார். கடைசியாக ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைத் தன் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கூம்பின் முன்னாலும் பிடித்து, தனித்தனியாகக் கேட்பார். வைத்தியர் நெஞ்சு பார்க்கிற மாதிரி இருக்கும்.

அவர் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. மீன் பொரியல் தின்ற கையைக் கழுவாமல் கூம்பைத் தொட்டால் தன் வீட்டுப் போர்த்துக்கீசில் “உங், தோஸ், த்ரேஸ்” என்று எண்ணத் தொடங்குவார். மூன்றைத் தாண்டுவதற்குள் நான் வெளியே போய்விடுவேன். யாராவது “நல்லாரிக்கு மாஸ்டர்” என்றால் “எது நல்லாரிக்கு?” என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாதவர்களின் பாராட்டு அவருக்கு வேண்டியதில்லை.

ஒரு நாள் ஒரு பெண் வந்து, திருத்திக் கொடுத்த செட் இரைகிறது என்றார். நான் போட்டுப் பார்த்துவிட்டு, “எனக்குச் சரியாத்தான் கேக்குது மாஸ்டர்” என்றேன். மாஸ்டர் கதிரையைப் பார்த்தார், அதில் இருந்த பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“கதிரையில இரிக்கிறது நீயா?”

அவ்வளவுதான் சொன்னார். அன்று எனக்குக் காது சிவந்தது. பிறகு மறந்துபோனேன். மறந்தது எவ்வளவு பெரிய பிழை என்று அறிய எனக்கு நாற்பது வருடம் எடுத்தது.

அதன் பிறகு எட்டு வருடம் வளைகுடாவில் ஒரு ஒலிக்கருவிக் கடையில் வேலை. திரும்பி வந்து ஓட்டமாவடியில் சொந்தக் கடை போட்டேன். நல்ல நேரத்தில்தான் வந்தேன். சவூதி போனவர், கட்டார் போனவர், ஒவ்வொருவரும் திரும்பும்போது ஒரு செட்டைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த செட்டை நம் சனம் என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? ஷோகேசுக்குள் வைத்துக் கண்ணாடியைப் பூட்டியது! இரண்டு ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில், ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாக. அவற்றின் தலையில் பூச்சாடி. முன்னால் பூவேலை செய்த துணி. சில வீட்டில் வாங்கி வந்த பொலித்தீனைக்கூடக் கழற்றவில்லை, தூசு படுமாம். ஒலி வருகிற வாயைத் துணியால் கட்டிவிட்டு, “காக்கா, செட் நல்ல விலையானது, சத்தம்தான் மங்கல்” என்று என்னிடம் வருவார்கள்.

நான் வீடு வீடாகப் போய்த் துணி உரிந்தேன். மிகைப்படுத்தவில்லை. அந்த வருடங்களில் என் வேலையில் பாதி அதுதான். பெண்கள் பின்னி முடித்த விரிப்புகளை நான் இழுத்துக் கீழே போட்டதும் அவர்கள் முறைத்த முறைப்பும் இன்னும் நினைவில் இருக்கின்றன. தடித்த துணி மெல்லிய ஒலியைக் குடித்துவிடும். ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கிப் போகும். தாளம் தகரமாகிவிடும். அடித்தொனி மட்டும் சுவரைத் துளைத்து வரும். இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! எனக்கு ‘துணி உரியிற காக்கா’ என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல காது கரடியனாற்றில் இருந்தது. வேலுப்போடியார். எங்கள் பக்கத்தில் வயல் நிறைய உள்ளவரைப் போடியார் என்போம். இவருக்கு ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, முழுவதும் சொந்தம். அதைவிட அதிகமாய்க் கூத்தில் பித்து. கோயில் சடங்கில், கூத்துப் பழக்குகிற ஊர் அண்ணாவியார் ஆடிப் பாடியதை நான்தான் கசட்டில் பதிந்து கொடுத்தேன். அதைக் கேட்பதற்காகவே என்னிடம் ஒரு செட் செய்வித்தார். பெட்டி என் கை வேலை, முதிரை மரம்.

செட்டைக் கொடுத்துச் சில மாதம் கழித்து ஒரு நாள் உழவு இயந்திரத்திலேயே கடை வாசலுக்கு வந்து இறங்கினார். கையில் ஒன்றும் இல்லை.

“தம்பி, பாடுறவன் வீட்ட இல்ல.”

“என்ன சொல்றீங்க போடியார்?”

“சத்தம் இரிக்கு. மத்தளம் இரிக்கு. பாடுறவன்தான் இல்ல. எங்கயோ போயித்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவரோடு போனேன். போய்ப் பார்த்தால், சுவருக்கு வெள்ளை அடிக்க வந்தவர்கள் செட்டைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது ஒரு பெட்டியின் வயரை மாற்றிப் பூட்டியிருந்தார்கள். லெஸ்லி மாஸ்டர் கதிரையும் நூலும் வைத்துக் கண்டுபிடிக்கிறதை இந்த மனிதர் முற்றத்தில் நின்று பல் தீட்டிக்கொண்டே கண்டுபிடித்திருந்தார். வயரை மாற்றிப் பூட்டி, கசட்டைப் போட்டு, அவரைக் கதிரையில் இருத்தி, மாஸ்டர் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். போடியார் கண்ணை மூடினார். விரலை நேரே நடுவில் நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“வந்தித்தான்” என்றார். வந்துவிட்டானாம்.

அன்றிலிருந்து புதுச் செட் எது செய்தாலும் அவரிடம் ஒருமுறை காட்டாமல் விற்பதில்லை. அவருடைய மனைவி தெய்வானை அக்கா தேத்தண்ணியோடு வந்து, “ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல” என்பார். முப்பது வருடம் அப்படித்தான் போனது. சண்டைக் காலத்தில் பாதை மூடியிருந்த மாதங்களைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் போடியாருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாதத்தில் தெய்வானை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். செட் கிடந்து பழுதாகிவிட்டது, திருத்தித் தந்தால் அவர் கேட்பார் என்றார்.

செட்டைக் கடைக்கு எடுத்து வந்தேன். ஈரம் குடித்துச் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் துருப்பிடித்திருந்தன. புதியவை போட்டேன். போட்டுக் கேட்டால் மங்கலாக இருந்தது. சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற பலத்தைக் குறைப்பதற்காக ஒரு ரெசிஸ்டர் வைப்போம், அதைக் கழற்றினேன். அப்போதும் போதவில்லை. மெல்லிய ஒலியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை மணிக்கூட்டில் மூன்று மணி இருக்கும் இடம் வரை திருப்பினேன். இப்போது சரி என்று தோன்றியது. கொண்டுபோய், நூல் பிடித்து, பலகை அடுக்கி, எல்லாவற்றையும் முறைப்படி வைத்தேன். சாய்கதிரையில் போடியார். கதிரையின் கீழே அவருடைய நாய். அண்ணாவியாரின் கசட்டைப் போட்டேன்.

சல்லரி என்கிற கைத்தாளம் முதல் தட்டுத் தட்டியதும் போடியாரின் முகம் கோணியது. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பழைய நினைவு, தாங்க முடியவில்லை என்று நினைத்தேன். தெய்வானை அக்காவும் அப்படித்தான் நினைத்தார். என் வேலை ஒரு மனிதரை அழவைத்துவிட்டது என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்று கிழமை கழித்து அக்கா மீண்டும் அழைத்தார். “தம்பி, இதப் போட்டாலே அவர் மொகத்தத் திருப்பிறார். நாய்கூட எழும்பிப் போகுது. என்னெண்டு ஒருக்கா வந்து பாருங்க.”

போனேன். மாஸ்டர் செய்கிற அத்தனையும் செய்தேன். நூல், பெட்டரி, ரப்பர்க் குழாய். ஒரு குறையும் இல்லை. “செட்டில ஒரு குத்தமும் இல்லக்கா” என்று எழுந்தேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது.

தெய்வானை அக்கா போடியாரின் கடைவாயைத் துடைத்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “சொந்தக்காரர் எல்லாம் சொல்றாங்க, ஆள் இரிக்காரே ஒழிய உள்ளுக்க ஒண்ணுமில்லயாம். நான் நம்பல்ல தம்பி. ஒவ்வொரு நாளும் வட்டைக் கதை எல்லாம் சொல்றன். தண்ணி வந்தது, ஆனை வந்தது, எல்லாம். அவர் கேக்காரு எண்டுதான் சொல்றன். இப்ப கூத்தையே வேணாமெண்டு திரும்பினா, அப்ப கதிரையில இரிக்கிறது ஆரு?”

செட்டில் குற்றம் இல்லை என்று நான் சொன்ன சொல், குற்றம் கதிரையில் இருக்கிறது என்று அவருக்குக் கேட்டிருக்கும். அது தெரிந்தும் நான் பைக்கில் ஏறி வந்துவிட்டேன். நான் செய்த வேலைகளில் மிக மோசமானது எது என்று கேட்டால், எரித்த அம்பிளிபயர்களைச் சொல்ல மாட்டேன், அந்த ஒரு வசனத்தைத்தான் சொல்வேன்.

அறுவடைக் காலத்தில் மூன்றாவது அழைப்பு. “செட்ட எடுத்துக்கு போங்க தம்பி. பாத்துப் பாத்து எனக்கு ஏலா.” அவர் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செங்கலடியில் திரும்பிக் கரடியனாற்றுப் பாதையில் போகும்போதே காற்றில் வைக்கோல் தூசு. வீட்டுக்குப் பக்கத்து வயலில் வெட்டுகிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பைக்கை நிறுத்தும்போது உள்ளே கூத்துப் பாட்டு ஓடுகிற சத்தம். இன்றோடு செட் போகிறது என்று கடைசியாக ஒரு தரம் போட்டிருக்கிறார் என்று விளங்கியது. உள்ளே நுழைந்து பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் பழைய பருத்திச் சேலை ஒவ்வொன்றை நாலாய் மடித்து மேலிருந்து கீழ்வரை போர்த்தியிருந்தார்.

முப்பது வருடப் பழக்கம் கையை விடுமா? போடியாரைப் பார்க்கவும் இல்லை, சலாம் சொல்லவும் இல்லை.

“என்னக்கா இது! சேலையப் போட்டு மூடித்து, மறுகா பாட்டு வேற போட்டிரிக்கீங்க?”

“வெட்டுற தூசு தம்பி, அதான்…”

அவர் சொல்லி முடிக்குமுன் இரண்டு சேலையையும் உருவி எடுத்தேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். போடியாரின் முகம் கோணியது. தலை சுவர்ப் பக்கம் திரும்பியது. நாய் எழுந்து வெளியே போனது.

தெய்வானை அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் கையிலிருந்த சேலைகளை வாங்கிப் பெட்டிகளின் மேல் மறுபடி போட்டார். போடியாரின் தலை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

“நீங்க வரக்குள்ள இஞ்சால, செட்டத்தான் பாத்துக்கு இருந்தவர். நான் கவனிக்கல்லயே தம்பி!”

நான் ஒரு சேலையைத் தூக்கினேன். போட்டேன். மீண்டும் தூக்கினேன். தூக்குகிறபோதெல்லாம் போடியாரின் நெற்றி சுருங்கியது, போடுகிறபோதெல்லாம் விரிந்தது. ஒலி மாறுகிறது என்று அவருடைய முகம் சொல்கிறது, ஓடிப்போன நாய் சொல்கிறது. எனக்கோ சேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சத்தம். ஒரு துளி வித்தியாசமும் இல்லை. ஊர் முழுக்கத் துணி உரிந்தவன், துணி கிடப்பதே கேட்காதவனாக நின்றேன். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வயதானால் காது மேல்சுருதிப் பக்கமிருந்து தேய்ந்து வரும், சிலருக்கு முந்தி, சிலருக்குப் பிந்தி. மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். இது தொழில் பழகிய எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களுக்கு நடக்கிற காரியமாகத் தெரியும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்! கடைசி நாலைந்து வருடமாக எங்கள் வீட்டில் காதடியில் கீச்சிடுகிற நுளம்பு குறைந்துவிட்டது என்று நான் நம்பியிருந்தேன். “குறையல்ல, உங்களுக்குத்தான் கேக்கல்ல, ஒருக்காப் போய்க் காதக் காட்டுங்க” என்று ஜெஸீமா எத்தனை தரம் சொன்னாள். என்னிடமா காதைப் பற்றிப் பேசுகிறாய் என்று ஏசினேன்.

நிலத்தில் உட்கார்ந்திருந்தபோது மாஸ்டரின் குரல் வந்தது. கதிரையில இரிக்கிறது நீயா?

எழுந்தேன். சேலைகளை எடுத்து மடித்து வைத்தேன். தெய்வானை அக்காவை அம்பிளிபயருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நான் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போடியாரின் முன்னால் முழந்தாளிட்டேன். என் காது இனி இந்த வேலைக்கு ஆகாது. அவருடைய முகம்தான் கருவி.

“அந்த ரெண்டாவது குமிழ இடப்பக்கம் திருப்புங்கக்கா. ஒள்ளுப்பம்.”

அக்கா கொஞ்சம் திருப்பியதும் நெற்றியில் சுருக்கம் குறைந்தது.

“இன்னும் ஒள்ளுப்பம்.”

கண் என் பக்கம் திரும்பியது.

“இன்னும்.”

மூன்று மணியிலிருந்த குமிழ் பன்னிரண்டைத் தாண்டி, பதினொன்றுக்கு வந்தபோது போடியாரின் நெற்றி முழுதாக விரிந்தது. தோள் இறங்கியது. மூச்சு நீளமாக வந்தது. அக்கா இன்னும் கொஞ்சம் திருப்பினார். போடியாரின் புருவம் உயர்ந்தது. அது அதிகம். ‘பின்னுக்கு வாங்க’ என்று கையைக் காட்டினேன். மறுபடி பதினொன்று.

மத்தளத்தின் மேலே அண்ணாவியாரின் குரல் எழுந்தது. நான் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து விலகி, முப்பது வருடம் கேட்ட கேள்வியைக் கேட்டேன்.

“போடியார், பாடுறவன் எங்க நிக்கான்?”

கண்ணை மூடினார். இடது கை கதிரைப் பிடியிலிருந்து எழும்பியது. வழியில் ஒருமுறை விழுந்தது. மீண்டும் எழும்பியது. சுட்டுவிரல் நேரே நீண்டு இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் வெறும் சுவரைக் காட்டியது.

தெய்வானை அக்கா குமிழில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்: “வந்தித்தார்.”

நான் அழுதேன். அக்கா அழவில்லை. வயலுக்கு ஓடிப்போய் மெசின்காரனை நிறுத்தச் சொன்னார். அந்த இரைச்சல் வீட்டுக்காரர் பாட்டுக் கேட்பதற்கு இடைஞ்சலாம்.

நான் கழற்றிய ரெசிஸ்டரை அன்றே மறுபடி பற்றவைத்து, போடியாரின் முகம் பார்த்தே குமிழையும் திருத்தி வைத்தேன். அடுத்த கிழமை காது வைத்தியரிடம் போனேன். மேல்பக்கம் இரண்டு காதிலும் இல்லை, நடுப்பக்கம் நன்றாக இருக்கிறது, பேச்சுக் கேட்கக் கஷ்டமில்லை என்றார். பிறகு ஜெஸீமாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, கடைசி நாலைந்து வருடத்தில் நான் செட் வைத்துக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனேன். அவளைக் கதிரையில் இருத்தி, அவள் சொல்லச் சொல்ல ட்ரெபிளைக் குறைத்தேன். பனிச்சங்கேணியில் ஒரு வீட்டுக்காரர் சிரித்தார். “காதுக்குள்ள ஊசி குத்தின மாதிரித்தான் இருந்த காக்கா. நீங்க பெரிய ஆள், இதுதான் நல்ல சத்தமாக்கும் எண்டு பொறுத்துக்கு கேட்டம்.” இன்னொரு வீட்டில் ஸ்பீக்கரின் மேல் பூவேலைத் துணி கிடந்தது. நான் வருவதைக் கண்டு அவசரமாக எடுக்க வந்தார்கள். “கிடக்கட்டும், எடுக்காதீங்க” என்றேன். அவர்கள் என்னை நம்பாமல் பார்த்தார்கள்.

அந்தச் சுற்று முடிந்ததும் கடையை விட்டேன். கவலையோடு விடவில்லை. வேலை செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டீர்கள், நல்ல கருவியும் வந்துவிட்டது. அந்தக் கைப்பேசி அளவை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு வயது போகாது, தலைக்கனமும் இல்லை. வாங்குங்கள். அளந்து முடிந்ததும், வீட்டுக்காரரைக் கதிரையில் இருத்தி அந்தக் கேள்வியையும் கேளுங்கள். என்னுடைய பதில் இவ்வளவுதான்.

கரடியனாற்றுக்கு இன்னும் மாதம் ஒருமுறை போகிறேன். தெய்வானை அக்கா வட்டைக் கதை சொல்கிறார். நல்ல சேதிக்குப் போடியார் விரலைத் தூக்குகிறார். சொந்தக்காரர்களின் அந்தப் பேச்சு இப்போது இல்லை. பாட்டாகப் பாடினால் பேச்சு வர இடமுண்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, பயிற்சியும் கொடுக்கிறார்கள். சில மாதமாக, கூத்தில் மற்றவர்கள் சேர்ந்து பாடுகிற பின்பாட்டு வருகிற இடத்தில் அவருடைய தொண்டையிலிருந்து ஒரு முனகல் சேர்ந்து வந்தது.

போன கிழமை போனபோது கசட் ஓடிக்கொண்டிருந்தது. நாய் கதிரையின் கீழே படுத்திருந்தது. நான் வழக்கம்போலக் கேட்டேன்.

“பாடுறவன் எங்க நிக்கான் போடியார்?”

இடது கை எழும்பியது. சுவரைக் காட்டப் போகிறார் என்று பார்த்தேன். கை திரும்பி வந்து அவருடைய நெஞ்சிலேயே படிந்தது. பின்பாட்டின் இரண்டு சொல், கொஞ்சம் குழறி, தாளம் தப்பாமல் அவர் வாயிலிருந்து வந்தன.

கைநீட்டிச் செட்டை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.